கணக்கெழுதுபவருக்குப் புண்ணியம் உண்டா?

ஈகையைப் பற்றி நம் மரபுகள் பேசும்போது பெரும்பாலும் இரண்டு பேரையே கண்முன் நிறுத்துகின்றன. ஒருவர் கொடுக்கிறார், ஒருவர் பெறுகிறார். வாசலுக்கு வந்த அடியாருக்கு இல்லத்தரசி அமுது படைக்கிறாள்; நாடி வந்த புலவருக்கு வள்ளல் பொருள் அளிக்கிறான். இன்றைய பெரும் ஈகை இந்தச் சித்திரத்துக்குள் அடங்குவதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட நாடுகளுக்கென உலகம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 1,350 கோடி அமெரிக்க டொலர் திரண்டது. ஒஸ்லோவிலோ டொரொன்டோவிலோ ஒருவர் தன் சம்பளத்திலிருந்து கொடுத்த பணம் ஒரு தலைமையகத்துக்குப் போய், கொழும்பிலிருந்த நாட்டு அலுவலகத்துக்கு வந்து, மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வாடகை வீடொன்றில் இயங்கிய கள அலுவலகத்துக்கு இறங்கி, அதற்குப் பிறகே நாவலடிக் கரையில் வீடிழந்த குடும்பத்தை அடைந்தது. அந்தக் கள அலுவலகங்களில் வாசலை ஒட்டிய மேசையில் ஒருவர் இருப்பார். நிர்வாக உதவியாளர் என்பது பதவிப் பெயர். கொடுத்தவரும் அவரல்லர், பெற்றவரும் அவரல்லர். கொடை என்னும் அறச்செயலில் அவருக்குப் பங்கு உண்டா? உண்டென்றால் எதைக்கொண்டு அதை அளப்பது?

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இன்று உலகில் நடக்கும் உதவியில் மிகப் பெரிய பகுதி இத்தகைய மேசைகளைக் கடந்தே போகிறது. அங்கே அறத்துக்கு இடமில்லை என்றால், தொடக்கத்தில் ஒரு நல்ல மனம், முடிவில் ஒரு நனைந்த கண், நடுவிலே வெறும் இயந்திரம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். நான் அதை ஏற்கவில்லை. அந்த மேசையில் இருப்பவர் கொடையின் நன்மையில் பங்காளி. அது பிழைத்துப்போகும்போது பிழையிலும் பங்காளி. எவ்வளவு பங்கு என்பதை அவருடைய பதவி தீர்மானிப்பதில்லை, அவர் கண்ணில் என்ன படுகிறது என்பதே தீர்மானிக்கிறது. அவருடைய வேலையைக் கவனித்தால் இது விளங்கும். வவுச்சர்களை இலக்கமிட்டுக் கோப்பில் சேர்ப்பது, மூன்று விலைமனுக்கள் வந்தனவா என்று பார்ப்பது, வாகன ஓட்டப் பதிவேட்டையும் எரிபொருள் பற்றுச்சீட்டையும் ஒப்பிடுவது, கூட்டக் குறிப்பு எழுதுவது, கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தித் தந்த பயனாளிகள் பட்டியலைக் கணினியில் ஏற்றுவது, குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் உள்ள பெயரை வங்கி திருப்பி அனுப்பாதபடி சரிசெய்வது. இவை யாவும் சலிப்பான வேலைகள். ஆனால் ஒரே கையெழுத்தில் இருபது பேர் பொருள் பெற்றதாக ஒப்பமிட்டிருப்பதை அலுவலகத்தில் முதலில் காணக்கூடியவர் அவர்தான். ஒரு விதவையின் பெயர் முதற்பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லாமற்போனதைக் காணக்கூடியவரும் அவர்தான். பணிப்பாளர் தொகையைப் பார்க்கிறார், கொடையாளி படத்தைப் பார்க்கிறார். வரிவரியாகப் பார்ப்பவர் இவர் ஒருவரே.

சமயங்கள் இந்த மூன்றாவது ஆளை அடியோடு மறந்துவிட்டன என்று சொல்வதற்கில்லை. தேடிப் பார்த்தால் வியப்பூட்டும் இடங்களில் இருக்கிறார். பௌத்த விநயபிடகத்தில் தப்ப மல்லபுத்தர் என்றொரு துறவி வருகிறார். ஏழு வயதிலேயே அருக நிலையை அடைந்தவர் அவர். அடையவேண்டியதை அடைந்துவிட்ட ஒருவர் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்து, சங்கத்துக்குத் தங்குமிடம் ஒதுக்கும் பொறுப்பையும் எந்தத் துறவி எந்த வீட்டு விருந்துக்குப் போவது என்று வகுக்கும் பொறுப்பையும் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறார். சங்கம் முறைப்படி கூடி அவரை அந்தப் பணிக்கு நியமிக்கிறது. சூத்திரங்களை ஓதுவோரை ஓரிடத்திலும், விநயம் ஆராய்வோரை ஓரிடத்திலும், தியானிப்போரை வேறிடத்திலும் அவர் தங்கவைக்கிறார். ஒருவர் ஓதல் இன்னொருவர் மௌனத்தைக் கலைக்கக் கூடாது. நேரங்கெட்ட நேரத்தில் வருவோருக்குத் தன் விரல் ஒளியாலேயே வழிகாட்டினாராம். அந்த அற்புதத்தை நம்புவதும் விடுவதும் வாசகர் விருப்பம். எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது, ஞானம் முற்றிய ஒருவருக்கு உரிய வேலையாக அறை ஒதுக்கீட்டை அந்த நூல் கண்டதுதான். கதையின் மறுபாதி இன்னும் உண்மையானது. ஒருநாள் சில துறவிகளுக்கு மோசமான உணவு கிடைக்கிறது. குருணைச் சோறும் புளித்த கஞ்சியும் இட முடிவெடுத்தவர் விருந்தளித்த வீட்டுக்காரர். பழி பட்டியல் போட்ட தப்பர்மேல் விழுகிறது. அவர்மீது பாலியல் குற்றமே சுமத்தப்படுகிறது. விசாரணையில் அது பொய்யென்று தெளிகிறது. பொய்க் குற்றச்சாட்டுக்கு எதிரான ஒரு விதியே இந்த நிகழ்ச்சியிலிருந்துதான் பிறந்தது. பங்கிடும் வேலையில் இருப்பவருக்கு எங்கிருந்து ஆபத்து வரும் என்பதையும் அந்த நூல் அறிந்திருந்தது.

இஸ்லாம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. ஸகாத் யாருக்குச் சேரும் என்று எட்டு வகையினரைக் குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் அறுபதாவது வசனம் வரிசைப்படுத்துகிறது. வறியவர், தேவையுள்ளவர் என்ற இரண்டுக்கும் அடுத்து, மூன்றாவதாகவே வருகிறவர்கள் அந்த நிதியைத் திரட்டிப் பங்கிடும் பணியாளர்கள். அவர்களின் கூலி அந்த நிதியிலிருந்தே வரலாம். நிர்வாகச் செலவு என்று சொல்லி நாம் முகம் சுளிக்கும் ஒன்றை, தருமத்துக்கு உள்ளேயே வைக்கிறது இந்த ஏற்பாடு. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நபிமொழி ஒன்று அதற்கும் மேலே போகிறது. தனக்குச் சொந்தமில்லாத பொருளைக் காக்கும் நம்பிக்கையான களஞ்சியக்காரர், கொடுக்கச் சொன்னதை முழுமையாக, மனமுவந்து, யாருக்கென்று சொல்லப்பட்டதோ அவரிடமே சேர்ப்பாராயின், தருமம் செய்த இருவரில் அவரும் ஒருவராகக் கணிக்கப்படுவார் என்பது அதன் கருத்து. நிபந்தனைகள் மூன்றையும் ஓர் அலுவலக மேசையில் வைத்துப் பாருங்கள். தொகை குறையக் கூடாது. அள்ளித் தருகிறேன் என்ற சலிப்போ தான் பெரியவர் என்ற தோரணையோ கூடாது. ஆள் மாறக் கூடாது. கணக்காய்வாளர் முதலாவதையும் மூன்றாவதையும் சோதிப்பார். இரண்டாவதைச் சோதிக்க எந்தப் படிவமும் கிடையாது.

உடனே எழும் மறுப்பு சம்பளத்தைப் பற்றியது. மாதம் பிறந்தால் கூலி வாங்குகிறவர் செய்வது தொழில்தானே, அதைத் தருமம் என்பதா? சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகளில் சர்வதேச நிறுவனங்கள் உள்ளூர் அரச ஊழியர்களைவிடக் கூடுதலாகச் சம்பளம் கொடுத்தன என்பதும் அதனால் மனக்கசப்பு எழுந்தது என்பதும் உண்மை. ஆனாலும் மறுப்பு நிற்காது. மருத்துவர், ஆசிரியர், கோயில் ஓதுவார் எவரும் காற்றைக் குடித்து வாழ்வதில்லை. கூலி ஒருவரை அந்த இடத்துக்குக் கொண்டுவரும். அந்த இடத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்பதைக் கூலி முழுதாக விலைக்கு வாங்கிவிட முடியாது. பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டதைப் பார்த்தும் பாராமல் இருந்தவருக்கும், வெயிலில் நின்ற கிழவிக்கு நாற்காலி போட்டுவிட்டு அவர் அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தவருக்கும் அதே சம்பளம்தான். வேறுபாடு வேறெங்கோ இருக்கிறது. அந்த வேறுபாட்டுக்குப் பெயர் வைக்கத்தான் அறம் என்ற சொல் தேவைப்படுகிறது.

இதுவரை சொன்னது நேர்மையைப் பற்றியது. நேர்மையோடு நிறுத்திவிடத் தூண்டும் மரபு ஒன்று நம்மிடமே உண்டு. சிவன் கோயில்தோறும் வடபுறத்தில் சண்டேசுவரர் இருக்கிறார். சோழர் காலத்தில் கோயில் நிலம் வாங்குவதும் விற்பதும் அவர் பெயரிலேயே நடந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இறைவனின் சொத்துக்கு அவரே காரியக்காரர். இன்றும் வழிபட்டுத் திரும்புவோர் அவர் முன் மெல்லக் கைதட்டி, சிவன் சொத்தில் எதையும் எடுத்துப் போகவில்லை என்று வெறுங்கையைக் காட்டுகிறார்கள். அலுவலக வாழ்க்கைக்கு இதைவிட நல்ல பழக்கம் வேண்டுமா என்று தோன்றும். வேண்டும் என்பேன். கிழக்கிலங்கையின் சுனாமி வீடமைப்பு அதற்குச் சான்று.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்வழியே போவது நெடுநாள் வழக்கம். மகளுக்குச் சீதனமாக வீட்டைக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வார். கணவன் கைவிட்டாலும் கூரை அவளுடையது, தாயும் சகோதரிகளும் கூப்பிடு தூரத்தில். கடல் அந்த வீடுகளைக் கொண்டுபோனது. புது வீட்டுக்கும், முழுதாக அழிந்த வீட்டுக்குத் தவணைகளில் வழங்கப்பட்ட 2,50,000 ரூபாய்க்கும் படிவங்கள் வந்தன. அவற்றில் குடும்பத் தலைவர் என்றொரு நிரல் இருந்தது. அங்கே பெரும்பாலும் ஆணின் பெயர் எழுதப்பட்டது. அரச காணியைப் பொறுத்தவரை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் ஆணை முன்னிறுத்தியது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. மனைவியின் சீதனமாக இருந்தது கணவனின் உறுதியாக மாறியது. மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் அப்போதே இதை எதிர்த்துக் கூட்டு உரிமை கேட்டன. யாரும் ஒரு சதமும் திருடாமல் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வவுச்சர்கள் சரி, ஒப்பங்கள் சரி, கணக்காய்வு சரி. சண்டேசுவரர் முன் எல்லாக் கைகளும் வெறுங்கைகளாகவே இருந்திருக்கும். ஆயினும் பல தலைமுறைகளாகப் பெண்களிடம் இருந்த ஒன்று ஒரு நிரலின் வழியே கைமாறிப்போனது. அந்த நிரலை நிரப்பிய விரல்களில் பல, அதே ஊரில், தாயிடமிருந்து வரப்போகும் வீட்டில் வளர்ந்த பெண்களின் விரல்கள். இந்த மாற்றத்தின் கனத்தை முன்கூட்டியே உணரக்கூடிய அறிவு ஜெனீவாவிலோ கொழும்பிலோ இருக்கவில்லை. அந்த மேசையில் இருந்தது.

அங்கிருந்தவர் வேறென்ன செய்திருக்க முடியும் என்பது அடுத்த மறுப்பு, மிகவும் கனமானதும் அதுதான். கடலிலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்ற விதி மேலிருந்து வந்தது. படிவம் மேலிருந்து வந்தது. ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஓர் உதவியாளர் இதில் எதை மாற்றுவார்? அதிகாரம் இல்லாதவரிடம் பொறுப்பைச் சுமத்துவது கொடுமை. எதிர்ப்பக்கத்தில், 1961இல் ஜெருசலேமில் நடந்த நாஜி அதிகாரி ஐக்மனின் விசாரணையைப் பார்த்து ஹன்னா அரெண்ட் 1963இல் எழுதிய நூலைக் காட்டி, கட்டளைக்குக் கீழ்ப்பட்டேன் என்பது எவரையும் விடுவிக்காது என்பார்கள். இரண்டு பக்கமும் அவசரப்படுகின்றன. உயர் அதிகாரியாக இருந்து கொலைக்கு ரயில் ஒழுங்குசெய்தவனையும் வீட்டுத்திட்டப் படிவம் தட்டச்சு செய்தவரையும் ஒரே தராசில் நிறுத்துவது ஆபாசம். அரெண்டிடமிருந்து இங்கே எடுத்துக்கொள்ளத்தக்கது வேறொன்று. தன் செயல் இன்னொருவர் நிலையிலிருந்து எப்படித் தெரியும் என்று யோசிக்க மறுப்பதை அவர் ஒரு குறைபாடாக, பண்பின் குறைபாடாகக் கண்டார். யோசிப்பதற்குப் பதவி வேண்டாம். இந்த ஊரில் வீடு பெண்ணுடையது, இந்த நிரலில் இரண்டு பெயர் எழுத இடம் வேண்டும் என்று மேலாளருக்கு ஒரு குறிப்பு எழுத உதவியாளரால் முடியும். அது மறுக்கப்படலாம். மறுக்கப்பட்ட பின் பொறுப்பு மறுத்தவரிடம் போகிறது. எழுதப்படாத குறிப்பின் பொறுப்பு மட்டும் மேசையிலேயே தங்கிவிடுகிறது. பொறுப்பில் பங்கு வேறு, பழியில் பங்கு வேறு. முந்தையது தெரிந்திருந்ததன் அளவில் வரும். பிந்தையது மாற்றக்கூடியதாக இருந்ததன் அளவில் வரும்.

கீதையைப் படித்தவர்கள் இங்கே ஓர் ஆறுதல் சொல்வார்கள். கருமத்தைச் செய், பயனை நினைத்துக் கலங்காதே, கோப்பு ஒழுங்காக இருந்தால் உன் கடமை முடிந்தது. எத்தனையோ அலுவலகச் சுவர்களில் இந்த ஆறுதல் சட்டம் போட்டுத் தொங்குகிறது. கீதை துறக்கச் சொல்வது செய்பவரின் சொந்தப் பலனை: புகழ், பதவியுயர்வு, நான் செய்தேன் என்ற நினைப்பு. பட்டியலில் இருக்கும் பெண் வீடு பெறுவதும் இழப்பதும் தட்டச்சு செய்தவரின் பலன் அல்ல. அந்தப் பலனைத் துறக்க அவருக்கு உரிமையும் இல்லை. அதே நூலின் மூன்றாம் அத்தியாயம் லோகசங்கிரகம் என்று, உலகைத் தாங்கி நிற்பதற்காகச் செயல்புரியச் சொல்கிறது. உலகுக்கு என்ன ஆகிறது என்று பாராமல் அதைத் தாங்குவது எப்படி? பற்றின்மையை அக்கறையின்மையாக வாசிப்பது நிர்வாகத்துக்கு வசதியான வாசிப்பு. அதனால்தான் அது பரவியிருக்கிறது என்று சந்தேகிக்கிறேன்.

படிவமும் பட்டியலும்தான் நோய், அவற்றை விட்டுவிட்டு நேரே கையில் கொடுப்போம் என்பவர்களும் உண்டு. சுனாமிக்கு மறுநாளே லொறிகளில் உணவோடும் உடையோடும் ஓடிவந்த எளிய மக்களின் அன்புக்கு ஈடில்லை. ஆனால் நேரே கொடுக்கும் கை, கண்ணில் பட்டவருக்கே கொடுக்கும். வீதியோரத்தில் இருந்தவருக்கு இரண்டு முறை, உள்ளே இருந்தவருக்கு ஒன்றுமில்லை. தமிழ்நாட்டு நாகப்பட்டினக் கரையில் மீனவர் அல்லாத தலித் கூலித்தொழிலாளரும் இருளரும் நிவாரணத்தில் விடுபட்டது அப்போதே பலரால் பதிவுசெய்யப்பட்டது. கண்ணில் படாதவரையும் கணக்கில் கொண்டுவருவதற்குத்தான் பட்டியல் பிறந்தது. முதல் கிறிஸ்தவர்களின் வரலாற்றில் இது அப்படியே நிகழ்கிறது. அப்போஸ்தலர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில், அன்றாடப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசும் யூதர்கள் முறையிடுகிறார்கள். அப்போஸ்தலர்கள் பரிசாரகத்துக்கென்று ஏழு பேரை நியமிக்கச் சொல்கிறார்கள். ஞானமும் ஆவியும் நிறைந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது தகுதி. ஸ்தேவான் அவர்களில் ஒருவர். ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பது தற்செயலாக இருக்க முடியாது. விடுபட்டவர்களின் தரப்பிலிருந்தே பங்கிடுவோரை எடுத்திருக்கிறார்கள். யாருடைய பெயர் விடுபடும் என்று விடுபட்டவர்களுக்குத்தான் தெரியும் என்பதை எருசலேமின் அந்தச் சிறு சபை புரிந்துகொண்டது. உள்ளூர் உதவியாளர்கள் படிவத்தை நிரப்புகிறார்கள். அது வரையப்படும் கூட்டத்தில் அவர்களுக்கு ஏன் நாற்காலி இல்லை என்பதற்கு இருபத்தோராம் நூற்றாண்டின் வளர்ச்சி நிறுவனங்களிடம் நல்ல பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்த வாதம் அநீதியாகிவிடும். பங்காளி என்று ஒருவரை அழைத்தால் பங்காளிக்கு உரியதைக் கொடுக்க வேண்டும். 2006 ஓகஸ்ட் 4 அன்று மூதூரில் பசிக்கு எதிரான பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அனைவரும் உள்ளூர்க்காரர்கள். 2008 செப்டெம்பரில் அரசாங்கத்தின் உத்தரவையடுத்து ஐ.நா.வும் ஏனைய நிறுவனங்களில் பெரும்பாலானவையும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியை விட்டு வெளியேறின. சர்வதேச ஊழியர்கள் போனார்கள். உள்ளூர் ஊழியர்களில் பலர், புலிகள் தங்களையோ குடும்பத்தையோ வெளியேற விடாததால், அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். இந்த வேறுபாடு ஓர் இடத்தின் விபத்தும் அல்ல. 1994இல் ருவாண்டாவில் வெளிநாட்டவர் வெளியேற்றப்பட்டபோதும் உள்ளூர் ஊழியர்கள் கைவிடப்பட்டார்கள். ஐ.நா.வின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் சர்வதேச ஊழியரை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகலாம். உள்நாட்டு ஊழியரைப் பொதுவாக நாட்டுக்குள்ளேயே வேறிடத்துக்கு மாற்றலாம். தப்ப மல்லபுத்தர்மேல் பழி விழுந்தபோது சங்கம் கூடி விசாரித்தது, அவரைக் காத்தது, அதற்கென ஒரு விதியும் பிறந்தது. பட்டியலில் விடுபட்ட பெயரைச் சுட்டிக்காட்டு என்று ஓர் உதவியாளரிடம் கேட்கும் நிறுவனம், நெருக்கடி வரும் நாளுக்கென்று அவரும் அவர் பிள்ளைகளும் எந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதை வேலைக்கு எடுக்கும் அன்றே அவருக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவரிடம் அறம் பேசும் தகுதி அதற்கு இல்லை.